தாணம்மாளின் நெட்டித் தொப்பி

வடசேரியில் சுயம்புலிங்கத்தின் சினிமாக் கொட்டகைக்கு நேர் எதிரே ஒரு ஓலைப்புரை கிடந்தது. காலையில் சந்தைக் கூச்சல், சாயங்காலமானால் கொட்டகை ஒலிபெருக்கி. மனிதர் குடியிருக்கத் தோதான இடமில்லை. 1950 ஆவணியில் தாணம்மாள் அங்கே குடிவந்தாள். ஒழுகினசேரியில் அவள் இருந்தது ஓடு போட்ட வீடு. அதை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களிடம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்த ஆளு தெனமும் காலம்பற கொட்டகைக்கு வரும்போ என் மொகத்துலதான் முழிக்கணும். அதுக்குத்தான்."

முப்பது வயதைத் தாண்டிய பெண். கட்டிய புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவள் அதற்காக அழுது தீர்த்து முடித்து வெகுகாலமாகியிருந்தது. பிழைப்பு நெட்டி வேலை. குளங்களில் தண்ணீரோடு வளரும் அந்தச் செடியின் தண்டை அறுத்து, காயவைத்து, தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சுபோல ஒன்று வரும். கத்திக்கு வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுக்கும். அதில் தாமரையும் மல்லிகையும் செதுக்கிக் கல்யாண மாலை கட்டுவாள். கோயில் கொடைக்குச் சப்பரம் ஜோடிப்பாள். நாகர்கோவிலில் அவள் கை மாலைக்கு ஒரு பெயர் இருந்தது.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி பொன்னுலிங்கம். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைவரை போனவன். அங்கே மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வேலை. குண்டு விழுந்த ரோட்டிலும் முழங்கால் சேற்றிலும் வண்டி ஓட்டிவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தான். அவர்கள் குடும்பம் அய்யா வழியில் நிற்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைப்பாகை கட்டிப் பதிக்குக் கும்பிடப் போவான். கள்ளோ சாராயமோ அவன் வாயில் பட்டதில்லை. பட்டாளத்தில் கொடுத்த ரம்மைக்கூடப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவான்.

சுயம்புலிங்கம் அப்போது வளர்ந்துகொண்டிருந்த முதலாளி. வடசேரியில் ஒரு கொட்டகை, தக்கலையில் ஒரு கொட்டகை. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான் வாங்குவார். வடசேரியில் முதல் சில சுருள்கள் ஓடி முடிந்ததும் அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் தக்கலைக்கு விரட்டுவார்கள். அங்கே ஆட்டம் சற்றுத் தாமதித்துத் தொடங்கும். அந்தச் சுருள் ஓடித் தீர்வதற்குள் அடுத்த பெட்டி போய்ச் சேரவேண்டும். பெட்டி தாமதித்தால் தக்கலையில் கூட்டம் விசிலடிக்கும், பெஞ்சைத் தட்டும். பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய வண்டி ஒன்றை முதலாளி எடுத்திருந்தார். அதை ஓட்ட பொன்னுலிங்கத்தைவிடக் கெட்டிக்காரன் கிடைப்பானா?

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவன் ஒன்று கேட்டான்.

"மொதலாளி, பட்டாளத்துல வண்டி ஓட்டுகவனுக்குத் தலைக்குத் தொப்பி தருவாங்க. இரும்பு இல்ல, லேசா இருக்கும். அது இல்லாம வண்டி எடுத்தா தண்டன. இங்கயும் ஒண்ணு வரவழைச்சா கொள்ளாம்."

சுயம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த முகமாகவே இருப்பவர். "ஏலே, படம் பாக்க வாறவன் ஒன் தலையப் பாக்கவா வாறான்? பெட்டி வந்தாப் போரும்."

பொன்னுலிங்கமும் சிரித்தபடியே இதை அக்காளிடம் வந்து சொன்னான்.

1950 பங்குனியில், ஒரு சாயங்கால ஆட்டத்தின் இரண்டாவது பெட்டி. வில்லுக்குறி வளைவில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. அவன் ஒதுங்கினான். ரோட்டோரம் கிடந்த மணலில் சக்கரம் வழுக்கியது. தலை மைல்கல்லில் அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை தாணம்மாளுக்குச் சொன்னவள் அந்த வளைவில் அவித்த கிழங்கு விற்கும் ஒரு பெண். துக்கம் விசாரிக்க அவள் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள்.

"ஒங்க தம்பிக்கு நெனவு இருந்திச்சும்மா. தண்ணி கேட்டான், நான்தான் குடுத்தேன். பொறத்தாலயே தக்கலைக்குப் போற காரு வந்து நின்னப்போ, மொதலாளி வந்தாச்சுன்னு எனக்க மனசு குளுந்துச்சு. அவரு எறங்கினாரு. நேரே போயி பெட்டியத் தொறந்து பாத்தாரு. சுருளுக்கு ஒண்ணும் ஆவல்லன்னு தெரிஞ்சதும் டிரைவர்கிட்ட, 'இத ஏத்துலே'ன்னாரு. 'ஆளு மொதலாளி?'ன்னு டிரைவர் கேட்டான். 'பெட்டி மொதல்ல போட்டும், வேற வண்டி அனுப்புகேன்'ன்னுட்டுப் போயிட்டாரும்மா. ஒங்க தம்பி அந்தக் காரு போறதப் பாத்துக்கிட்டே கெடந்தான்."

முதலாளி அனுப்பிய வண்டி இடைவேளை முடிந்த பிறகுதான் வந்தது. அதற்குள் அந்த மரச்சீனி வண்டிக்காரனே மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டிருந்தான். சுங்கான்கடை ஏற்றத்தில் உயிர் போய்விட்டது. தக்கலையில் அன்று படம் தடங்கலில்லாமல் ஓடியது.

இதோடு நின்றிருந்தால் தாணம்மாள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. போலீஸ் விசாரணை வந்தபோது சுயம்புலிங்கம், "பய நல்லாக் குடிச்சிருந்தான்" என்று சொன்னார். டிரைவர் ஞானதாசனும் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, நாத்தம் அடிச்சு" என்றான். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். சந்தையில் காய் வாங்கப் போனால், "குடிச்சுட்டு ஓட்டினா பின்னே என்ன ஆவும்?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பதியில் அவனோடு தலைப்பாகை கட்டி நின்றவர்கள்கூட ஒரு மாதிரி பார்த்தார்கள். தம்பி செத்ததை அவள் தாங்கினாள். அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளியின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் நின்று கேட்டாள். "எந்தம்பி குடிச்சதா எதுக்குச் சொன்னீரு?"

அவர் வெற்றிலை மென்றபடி, "போனவன் திரும்பியா வரப்போறான்? போட்டி, போயி மால கெட்டு" என்றார்.

அதன் பிறகுதான் அவள் ஓலைப்புரைக்குக் குடிவந்தது.

தினமும் வாசலில் உட்கார்ந்து நெட்டி சீவுவாள். அவர் கார் வந்து நிற்கும்போது தலையைத் தூக்கி, இமைக்காமல் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். முதலில் அவர் சிரித்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். பிறகு காரைக் கொட்டகையின் பின்வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தாணம்மாளும் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

பொன்னுலிங்கம் இருந்த இடத்துக்கு மரியஜான் என்ற ஒருவன் வேலைக்கு வந்தான். முட்டத்துக்காரன். கடலில் போனால் குடலே வெளியே வருகிறாற்போல வாந்தி எடுப்பான். அதனால் கரையில் பிழைக்க வந்தவன். பேய் மாதிரி வண்டி ஓட்டினான். அவன் வெறுந்தலையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் தாணம்மாளின் கத்தி நெட்டியில் நின்றுவிடும்.

தம்பி சொன்ன பட்டாளத்துத் தொப்பி அவள் மனதில் கிடந்தது. லேசாக இருக்கும் என்று சொன்னானே. நெட்டியைவிட லேசானது எது? துரைமார் வெயிலுக்குப் போடும் வெள்ளைத் தொப்பியே நெட்டிதான். ஆனால் அது நிழலுக்கு உள்ளது, அடிக்கு உள்ளதல்ல. அவள் நெட்டியைப் பட்டை பட்டையாகச் சீவி, புளியங்கொட்டைப் பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஒரு பழைய செம்புக் குடத்தின் அடியில் கவிழ்த்து உருட்டினாள். உள்ளே இலவம்பஞ்சு. மேலே மல் துணி. தாடைக்கு ஒரு நாடா. கையில் எடுத்தால் காலிச் சிரட்டைதான் தூக்கியிருக்கிறோமோ என்று தோன்றும். அதற்குள் ஒரு முற்றின தேங்காயை வைத்துக் கட்டிக் கொட்டகை மதில்மேல் ஏறித் துவைகல்லில் போட்டாள். தொப்பி நசுங்கியது, தேங்காய் உடையவில்லை. அதே தொப்பியில் அதே தேங்காயை மறுபடி போட்டாள். சிதறிவிட்டது.

எத்தனையோ தேங்காய் சிதறிய பிறகு அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இது ஒரு அடியைத்தான் வாங்கும். வாங்கினதும் செத்துப்போகும். பிறகு தூரப் போட்டுவிட்டுப் புதிதுதான் போடவேண்டும்.

மரியஜானைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா இது, கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுகதா?"

"போடுலே. போடாம விழுந்து செத்தியானா, ஒன்னையும் குடிகாரன்னுதான் சொல்லுவாரு."

அவன் சிரிப்பு நின்றது. போட்டுக்கொண்டான்.

மழை தொடங்கும் சமயம் பார்வதிபுரத்தில் ஒரு பசு குறுக்கே ஓடி வந்து மரியஜான் தூக்கி எறியப்பட்டான். எழுந்தான், மண்ணைத் துப்பினான், வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு தக்கலைக்குப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் காலையில் தொப்பியோடு தாணம்மாளிடம் வந்தான். ஒரு பக்கம் உள்ளங்கையளவு குழிந்து, முட்டையோடுபோல விரிசல் விட்டிருந்தது. அவள் அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். ஒரு வீக்கம்கூட இல்லை.

"அக்கா, நீ எனக்கு உசிரு தந்தே" என்றான் மரியஜான்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்றே மனம் அடித்துக்கொண்டது. குளத்தில் சும்மா கிடக்கிற ஒரு செடி. கொஞ்சம் பசை, ஒரு முழம் துணி. இதைத்தானே அவன் கேட்டான்? அன்றுவரை அவளுக்குச் சுயம்புலிங்கத்தின்மேல் இருந்தது கோபம். அன்றைக்குத்தான் அது பகையாகத் திரண்டது.

செய்தி பரவியது. பேப்பர் கட்டு ஏற்றிக்கொண்டு காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். அருமனை ரப்பர்த் தோட்டத்துக் கங்காணிமார் வந்தார்கள். யாருடைய தொப்பி அடி வாங்கினாலும் அவளிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் புதிது வாங்கிப் போகவேண்டும். உடைந்ததை மறுபடி ஒட்டிப் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒருவன் கேட்டபோது அவன் கையிலிருந்தே பிடுங்கி அடுப்பில் போட்டாள். பிறகு எல்லா உடைந்த தொப்பியையும் கொட்டகை வாசலுக்கு எதிரே, ஜனங்கள் சீட்டு வாங்க நிற்கும் நேரம் பார்த்து எரித்தாள். "என்ன எரியுது?" என்று கேட்டவர்களுக்கு எந்த ஊரில் யார் விழுந்தான் என்று சொல்லுவாள். கடைசியில் தம்பி விழுந்ததையும் சொல்லுவாள்.

வேடிக்கை என்னவென்றால் சுயம்புலிங்கத்துக்குத் தொப்பி பிடித்துவிட்டது. ஓட்டுகிறவன் அடிபட்டுக் கிடக்காவிட்டால் பெட்டி தாமதிக்காது. தன் ஆட்கள் போடும் தொப்பியில் கொட்டகைப் பெயரைச் சிவப்பில் எழுதிக்கொள்ள ஞானதாசனை அனுப்பி அனுமதி கேட்டார். தெருவெல்லாம் விளம்பரமாயிற்றே!

ஞானதாசன் அவள் முகத்தைப் பாராமல், தரையைப் பார்த்துக் கேட்டான்.

"நல்லாப் பெரிசா எழுதச் சொல்லும்" என்றாள் தாணம்மாள்.

இரண்டு வருஷம் போயிற்று. தக்கலை ரோட்டில் பெட்டி ஓட்டுகிறவன் எவனும் இப்போது வெறுந்தலையோடு வண்டியில் ஏறுவதில்லை. மரியஜானோடு ஜான்ரோஸ் என்று இன்னொருவனும் சேர்ந்திருந்தான். இருவரும் ஆளுக்கு நாலைந்து முறை விழுந்து எழுந்துவிட்டார்கள். தொப்பி இல்லையென்றால் ஜான்ரோஸ் வண்டிக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டான். தாணம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி அவள் கையில் இருந்தது. அவர்கள் உயிர் தொப்பியில் இருந்தது. சுயம்புலிங்கத்தின் பிழைப்பு அவர்கள் கையில் இருந்தது.

1953 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய படம் வந்தது. அதை நம்பி சுயம்புலிங்கம் தக்கலைக் கொட்டகைக்குப் புதுத் திரை, புதுப் பெஞ்சு எல்லாம் போட்டிருந்தார். காலையிலிருந்தே ஆட்டம். இரண்டு ஊரிலும் தோரணம், தவில்.

அதற்கு முன்பு அடைமழை. தாணம்மாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "ஈரத்துல பச எளகியிருக்கும். எல்லாத் தொப்பியையும் கொண்டுவாங்க. தீவாளிக்குப் புதுசு தாறேன்." நம்பிக் கொடுத்தார்கள். தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, அத்தனை தொப்பியையும் புரை வாசலில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். சீட்டுக்கு நின்ற ஜனங்கள் வேட்டுச் சத்தத்துக்கிடையே திரும்பிப் பார்த்தார்கள். மல் துணியில் சிவப்பாக எழுதியிருந்த கொட்டகைப் பெயர் சுருண்டு கருகியது.

உள்ளே முதல் சுருள்கள் முடிந்துவிட்டன. பெட்டி வெளியே வந்தது. ஜான்ரோஸ் நெருப்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், "எனக்குப் பிள்ளையிருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். மரியஜான் நின்றான்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சுயம்புலிங்கம் தெருவைக் கடந்து அவள் வாசலுக்கு வந்தார்.

"ஏட்டி, என்ன எளவு செஞ்சிட்டே? தொப்பி எங்க?"

"பாக்கியீரே, எரியுது."

"ஒனக்கு என்ன வேணும்? சொல்லு."

"மேடையேறித் திரைக்கு முன்னால நின்னு ரெண்டு வார்த்த சொல்லும். பொன்னுலிங்கம் குடிச்சிருக்கல்ல. பெட்டிய ஏத்திட்டு ஆள ரோட்டுல போட்டுட்டுப் போனேன். இதச் சொன்னா, உள்ள ஒரு தொப்பி பத்திரமா வச்சிருக்கேன், எடுத்துத் தாறேன்."

சீட்டுக்கு நின்ற கூட்டம் நெருங்கி வந்து சுற்றி நின்றது. சுயம்புலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் உதடு ஒருமுறை அசைந்ததாகவும், சொல்லித்தான் விடுவாரோ என்று தாங்கள் நினைத்ததாகவும் அன்று நின்றவர்கள் சொல்வார்கள். சொல்லியிருந்தாலும் அவருக்குத் தொப்பி கிடைத்திருக்காது. உள்ளே தொப்பி எதுவும் இல்லை. இதை தாணம்மாள் பிறகு கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னாள்: "சொல்லவும் வைக்கணும், பெட்டியும் போவப்பிடாது. அதான் எனக்கு வேண்டியிருந்திச்சு."

"ஒரு குடிகாரப் பயலுக்காக நான் மேடையேறணுமா?" என்றார் சுயம்புலிங்கம். மரியஜான் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒந்தங்கச்சி கல்யாணத்துக்கு நான் முன்னால நிக்கணும்னு கேட்டல்லா? வண்டிய எடு."

மரியஜான் பெட்டியைக் கட்டினான். வண்டியை உதைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஒரே ஒரு தடவதானே" என்றான்.

அந்த இடத்தில் அவள் வகுத்த திட்டம் தவறிவிட்டது. தொப்பி இல்லாவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். இவன் போகத் துணிந்துவிட்டான். மழையில் நனைந்த ரோடு. வெறுந்தலை. வில்லுக்குறி வளைவு. அவன் விழுந்தால், தொப்பியை எரித்தவள் யார்?

"மக்கா, எறங்கு."

அவன் இறங்கவில்லை.

நெட்டி சீவும் கத்தி அவள் இடுப்பில் இருந்தது. குனிந்தாள். முன்சக்கரத்தின் பக்கவாட்டில் குத்தி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். காற்று சீறிக்கொண்டு போயிற்று. பின்னால் போய் அந்தச் சக்கரத்தையும் கிழித்தாள். வண்டி மரியஜானோடு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவன் கோபப்படவில்லை. மூச்சை விட்டான், அவ்வளவுதான்.

"நீ இண்ணைக்குச் சாவப்பிடாது" என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "இனி ஒம்ம காருல கொண்டுபோம். ஒமக்குத்தான் பெட்டி ஏத்தத் தெரியுமே."

கார் போனது. தீபாவளிக் கூட்டமும் சந்தை வண்டிகளும் பார்வதிபுரம்வரை ரோட்டை அடைத்திருந்தன. ஹார்ன் அடித்து அடித்து அது ஊர்ந்தது. தக்கலையில் ஜனங்கள் முதலில் விசிலடித்தார்கள். பிறகு பெஞ்சைத் தட்டினார்கள். பிறகு பெஞ்சை உடைத்தார்கள். யாரோ ஒருவன் புதுத் திரையை நடுவில் கிழித்தான். பெட்டி போய்ச் சேர்ந்தபோது படம் காட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

தாணம்மாளைப் போலீஸ் கொண்டுபோனது. வழக்கு, முதலாளியின் வண்டிச் சக்கரத்தைக் கிழித்தது. மாஜிஸ்திரேட் முன்னால் அவள் வக்கீல் இல்லாமல் நின்றாள். கிழித்தது நான்தான் என்று முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொண்டாள். கண்ணால் கண்ட சாட்சியாகச் சுயம்புலிங்கம் ஞானதாசனைக் கொண்டுவந்திருந்தார். சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது, அவள் இதற்காகவே காத்திருந்தவள்போல முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒமக்கு எந்தம்பியத் தெரியுமில்லியா?"

"தெரியும்."

"அண்ணைக்கு வில்லுக்குறியில நீரு அவன் பக்கத்துல குனிஞ்சீரா?"

ஞானதாசன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

"குனிஞ்சீரா? அவன் வாயில என்ன நாத்தம் அடிச்சு?"

சுயம்புலிங்கம் பின்னாலிருந்து இருமினார்.

"ஒண்ணும் அடிக்கல்ல" என்றான் ஞானதாசன். "ரத்த வாடதான். 'என்னையும் ஏத்துங்க அண்ணாச்சி'ன்னான். நாங்க பெட்டியத்தான் ஏத்தினோம்." அப்படியே கூண்டில் உட்கார்ந்துவிட்டான்.

இது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார் மாஜிஸ்திரேட். அபராதம் போட்டார், கட்டாவிட்டால் ஜெயில். அவளுக்காகக் கட்ட மரியஜானும் அருமனைக்காரர்களும் முண்டியடித்தார்கள். அவள் யாரையும் விடவில்லை. "நான் செஞ்சதுக்கு நானே இருந்துட்டு வாறேன்" என்று சொல்லி ஜெயிலுக்குப் போனாள். முகம் தெளிந்து, கல்யாணத்துக்குப் போகிறவள்போலப் போனாள்.

சுயம்புலிங்கத்தைச் சட்டம் தொடவில்லை. ஆனால் கோர்ட்டில் சொன்னது அன்று சாயங்காலமே சந்தைக்கு வந்துவிட்டது. "ஏலே, பெட்டிய ஏத்தியாச்சா?" என்று கொட்டகை வாசலில் பிள்ளைகள் கத்திவிட்டு ஓடினார்கள். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. படம் கொடுக்கிறவர்கள் தக்கலையில் திரை கிழிந்த கதையைக் கேட்டுக் கையை விரித்தார்கள். அடுத்த வருஷம் இரண்டு கொட்டகையையும் வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டு அவர் மனைவியின் ஊரான ஆரல்வாய்மொழிக்குப் போய்விட்டார். ஞானதாசன் லாரி ஓட்டப் போனான். பதியில் தாணம்மாளிடம் வந்து இரண்டு பெரியவர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

ஜெயிலிலிருந்து வந்த பிறகு, எதிரே கொட்டகையில் புது முதலாளி நிற்பதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு காலையில் எழுந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தால் நிமிர்ந்து பார்க்க ஆள் இல்லை. கார் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும், யாரோ இறங்குவார்கள். "எனக்கு ஒரு வேல போனதுமாரி இருக்கு" என்று மரியஜானிடம் சொன்னாள். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு மாலை கட்டியது அவள்தான். அதன்பின் பார்வதிபுரத்தில் ஒரு குளத்தங்கரையில் வீடு எடுத்துக்கொண்டு போனாள். தொப்பி வேலையை விடவில்லை. மலையோரத் தோட்ட ரோடுகளில் மோட்டார் சைக்கிள் பெருகிக்கொண்டிருந்தது.

1956-இல், இங்குள்ள தமிழ்த் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த சமயம். தாணம்மாள் பெரிய ஓலைக் கடவப் பெட்டியில் தொப்பிகளை அடுக்கிக்கொண்டு அருமனைக்குப் போக வடசேரியில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. வெளியே ஒருவர் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். மெலிந்து, முடி நரைத்து, தோளில் ஒரு துண்டு. குரல் வந்த பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"தாணம்மா" என்றார் சுயம்புலிங்கம். "ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். அண்ணைக்கு நான் செஞ்சது தப்புதான். ஒந்தம்பியப் பத்திச் சொன்னதும் பொய்தான்."

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைக் கம்பிக்கு நெருக்கமாக வைத்து, மிக மெல்லச் சொன்னார்.

அவள் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"எஞ்சின் சத்தத்துல கேக்கல்ல. கொஞ்சம் ஒறக்கச் சொல்லும்."

அவர் பஸ்ஸுக்குள் பார்த்தார். உள்ளே நிறைய ஜனங்கள். வாயைத் திறந்தார், மூடினார். கம்பியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்கா அது? ஒங்களுக்கு வேண்டப்பட்டவரா?" என்று கேட்டாள்.

"எந்தம்பியக் கொன்னவன்" என்றாள் தாணம்மாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் இருந்தவர்கள் எழுந்து, குனிந்து, ஜன்னல் வழியாக அந்த மனிதரைப் பார்த்தார்கள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சுயம்புலிங்கம் கம்பியை விட்டார். துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் நடந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் புறப்பட்டு, திருப்பத்தில் அவர் மறையும்வரை தாணம்மாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.